போலீஸ் ஸ்டேஷன் இல்லாத ஊர்ல திருடனே கிடையாது

ஏலே மருமவனே, நீ படிச்சவன். எக்செல் தெரியும், கிராப் போடத் தெரியும், பத்து நாட்டை ஒரே படத்துல பத்துக் கலர்ல ஓடவிடத் தெரியும். மாமன் தலையாரி வேலை பாத்தவன். எனக்குத் தெரிஞ்ச கணக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஊர்ல ஒரு துஷ்டி விழுந்தா வி.ஏ.ஓ. ஆபீசுக்குச் சேதி போகணும். செத்தது யாரு, வயசு என்ன, எதுல செத்தாருன்னு ஏட்டுல ஏறணும். பேரு சரியா வந்துரும். வயசு அஞ்சாறு கூடக் கொறைய வரும். 'எதுல செத்தாரு'ங்கிற கட்டத்துக்கு வந்தாத்தான் வீட்டுக்காரன் முழிப்பான். 'காய்ச்சல்'ம்பான், 'நெஞ்சுவலி'ம்பான், ஒண்ணும் தோணலேன்னா 'வயசாயிட்டுல்லா'ம்பான். பேனா அதை எழுதிரும். அந்தப் பேனா எழுதுனதுதான் மெட்ராசுக்குப் போயி, டில்லிக்குப் போயி, கடைசியில உன் போன்ல கோடு கோடா வந்து நிக்குது. நீ கோட்டைப் பாத்து மிரளுத. நான் பேனாவை நெனச்சுச் சிரிக்கேன்.

கொரோனா போயி வருசக்கணக்காச்சு. உனக்கும் உங்க அண்ணனுக்கும் இன்னும் சண்டை ஓயலை. 'பத்து லட்சம் பேருக்கு இத்தன சாவு, பெல்ஜியம் நாசமாப் போச்சு, நாம தங்கம்'னு நீ சொல்லுத. 'எல்லாம் டுபாக்கூர் கணக்கு, ஒரு நம்பரையும் நம்பாத'ன்னு அவன் சொல்லுதான். மாமன் பாக்குற பார்வைக்கு ரெண்டு பேரும் ஒரே சோம்பேறிதான். எல்லாத்தையும் நம்புறவனுக்கும் யோசிக்கிற வேலை இல்லை, எதையும் நம்பாதவனுக்கும் யோசிக்கிற வேலை இல்லை. திண்ணையில உக்காந்து பேச ரெண்டும் வசதி.

மொதல்ல இந்த 'கேஸு' கணக்கை எடுத்துக்கிடுவோம். 2020 மார்ச் 11-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்றுன்னு சொல்லுச்சு. அதுக்கு முன்னாடியே அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்காரவ உலகப் படத்தைக் கறுப்பாப் போட்டு, அதுல செவப்புப் பொட்டு வச்சு வச்சுக் காட்டுனாவ. உலகமே அதைப் பாத்துக்கிட்டுக் கெடந்துது. பொட்டு பெருசா இருந்தா அந்த நாடு மோசம், சிறுசா இருந்தா தேவலைன்னு நீயா முடிவு கட்டிக்கிட்ட.

நான் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. ரெண்டு ஊரு இருக்கு. ஒரு ஊர்ல போலீஸ் ஸ்டேஷன் இருக்கு, ஏட்டையா ராத்திரி ரோந்து போறாரு, மாசாமாசம் பத்துத் திருடனைப் பிடிச்சு வழக்குப் போடுதாரு. இன்னொரு ஊர்ல ஸ்டேஷனே கிடையாது. அதனால வழக்கும் கிடையாது. உன் கிராப்புல எந்த ஊரு யோக்கியமான ஊரு? உன் கணக்குப்படி ஸ்டேஷன் இல்லாத ஊருக்குத்தான் பொன்னாடை போத்தணும். கேஸுங்கிறது பிடிபட்டவன் கணக்குடா. மூக்குல குச்சி விட்டுப் பாத்தாத்தான் கேஸு. குச்சியைக் கண்ணுலயே காணாத ஊர்ல கொரோனாவே வராது.

இந்த ரகசியம் பெரிய மனுசங்களுக்கு ஒன்னைவிட சீக்கிரமாப் பிடிபட்டுட்டு. 2020 ஜூன்ல அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், துல்சாவுல நடந்த கூட்டத்துல, சோதனை கூடக் கூட கேஸும் கூடுது, அதனால சோதனையை மெதுவாச் செய்யச் சொன்னேன்னு மேடையிலயே சொன்னாரு. கூட இருக்கிறவங்க பதறிப்போயி, ஐயா சும்மா வேடிக்கைக்குச் சொன்னாருன்னாவ. அவரு விடலை, 'நான் வேடிக்கை பேசலை'ன்னாரு. டான்சானியா ஜனாதிபதி மகுஃபுலி அவரையும் தாண்டிட்டாரு. அவரு சும்மா ஆளு இல்ல, வேதியியல்ல டாக்டர் பட்டம் வாங்குனவரு. ஆட்டுல இருந்தும் பப்பாளிப் பழத்துல இருந்தும் சாம்பிள் எடுத்து ரகசியமா லேபுக்கு அனுப்புனேன், அதுக்கும் கொரோனான்னு ரிசல்ட் வந்துட்டுன்னு சொல்லி, லேபு மேலேயே சந்தேகத்தைக் கெளப்பிவிட்டாரு. 2020-ல 509 கேஸ்ல நின்ன அந்த நாட்டுக் கணக்கு, ஒரு வருசத்துக்கு மேல 509-ஆவே நின்னுது. அவரு 2021 மார்ச்சுல காலமாகி, அடுத்து சாமியா சுலுஹு ஹசன் வந்த பெறகுதான் பேனாவுல மறுபடி மை ஊத்துனாவ. துர்க்மெனிஸ்தான் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொன்ன கணக்கு சுத்தமான பூஜ்யம். வட கொரியாவும் 2022 மே 12-ம் தேதி வரை ஒரு கேஸு இருக்குன்னு ஒத்துக்கிடலை. உன் தரவரிசைப்படி பாத்தா இவங்கதானடா உலகத்துக்கே வைத்தியம் சொல்லிக் குடுக்கணும்!

நம்ம நாட்டையும் சொல்லிருதேன், இல்லேன்னா ஊரான் வீட்டைத்தான் மாமன் பேசுதான்னு சொல்லுவ. 2021 ஜூன், ஜூலையில மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதான் ஐ.சி.எம்.ஆர்., ஊர் ஊராப் போயி ரத்தம் எடுத்துப் பாத்துது. ஆறு வயசுக்கு மேல உள்ளவங்கள்ல நூத்துக்கு 67.6 பேரு ரத்தத்துல எதிர்ப்புப் பொருள் இருந்துது. தடுப்பூசி போட்டவனும் அதுல சேத்திதான், அதைக் கழிச்சுக்கோ. கழிச்சாலும் பல பத்துக் கோடி மிஞ்சும். அன்னைக்கு நாடு பூரா பிடிபட்ட கேஸு எத்தனை? மூணு கோடிச் சொச்சம். மிச்சப்பேரு குச்சியும் பாக்கலை, கோட்டுலயும் ஏறலை. கஷாயத்தைக் குடிச்சுட்டுப் படுத்து எந்திரிச்சுட்டாவ.

உடனே நீ ஒரு புத்திசாலித்தனம் பண்ணுவ. 'சரி மாமா, நாட்டோட நாட்டை ஒப்பிட வேண்டாம். ஒரே நாட்டுல கோடு ஏறுதா எறங்குதான்னு பாக்கலாம்லா?' பாரு, நல்லாப் பாரு. ஆனா கோடு ஏறுனா நோய் ஏறுதுன்னு அர்த்தம் இல்ல. சிலநேரம் ஏறுனது ஆபீசு உத்தரவாவும் இருக்கும்.

2020 பிப்ரவரியில சீனாவுல ஹூபே மாகாணத்துல, லேபு சோதனை இல்லாமலே டாக்டர் ஸ்கேனைப் பாத்துச் சொன்னதையும் கணக்குல சேக்கலாம்னு விதியை மாத்துனாவ. ஒரே நாள்ல கேஸு 14,840 கூடிப்போச்சு. உலகமே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுது. கிருமி அன்னைக்கு ராத்திரி விசேஷமா ஒண்ணும் செய்யலை, குமாஸ்தா கட்டத்தை அகலமாக்குனாரு, அவ்வளவுதான். துருக்கி இதுக்கு நேர் எதிரு. நோயாளி வேற, கேஸு வேறன்னு ஒரு புது சித்தாந்தம் கண்டுபிடிச்சு, 2020 ஜூலை கடைசியில இருந்து அறிகுறி இருக்கிறவனை மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தாவ. செப்டம்பர் கடைசியில மந்திரியே அதை ஒத்துக்கிட்டாரு. நவம்பர் 25-ம் தேதி எல்லாரையும் சேத்துச் சொன்னப்ப, முந்தின நாள் ஏழாயிரத்துச் சொச்சமா இருந்தது 28 ஆயிரத்துக்கு மேல போயிட்டு.

இங்கிலாந்துக் கதை தெரியுமா? அது உன் எக்செல் பண்ணுன கூத்து. 2020 செப்டம்பர் 25-ல இருந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 கேஸு கணக்குல ஏறவே இல்லை. பழைய மாடல் எக்செல் பைல்ல 65,536 வரிக்கு மேல கொள்ளாதாம். அதுக்கு மேல வந்த பேரெல்லாம் சத்தமில்லாமக் கீழ விழுந்துட்டு. அந்த ஆளுங்களோட பழகுனவங்களைத் தேடிப்போயி எச்சரிக்கிற வேலையும் அதனால தாமசமாச்சு. இதுல எவனும் பொய் சொல்லலை, சதி பண்ணலை. ஏடு நெறைஞ்சுபோச்சு, யாரும் பாக்கலை. உங்க அண்ணன்கிட்ட சொல்லு, ஒலகத்துல பாதிக் கோளாறுக்குச் சதி தேவையில்லை, அசமந்தம் போதும்னு.

இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை கேஸு கொறையும், செவ்வாய்க்கிழமை கூடும். கிருமி கோயிலுக்குப் போயிட்டுன்னு நெனச்சியா? லேபுக்காரனுக்கு லீவுடா. சுவீடன்ல சாவை எந்த நாள்ல செத்தாரோ அந்த நாள் கணக்குல எழுதுவாவ. சேதி வந்து சேர நாளாகும்கிறதால, கோட்டோட கடைசி வாலு எப்பவும் கீழ எறங்குனாப்புலதான் தெரியும். அதைப் பாத்துட்டு 'எறங்கிட்டு, எறங்கிட்டு'ன்னு கொட்டடிச்சவங்க எத்தன பேரு தெரியுமா?

'அப்ப சாவுக் கணக்கைப் பாப்போம் மாமா, பொணத்தை மறைக்க முடியாதுல்லா'ம்ப. பொணத்தை மறைக்க வேண்டாம்டா, அதோட காரணத்தை மாத்துனாப் போதும். நீ நாசமாப் போச்சுன்னு சொன்ன பெல்ஜியத்தையே எடுத்துக்கோ. முதியோர் இல்லத்துல ஒரு பாட்டி செத்தா, சோதனை செய்யாட்டாலும், கொரோனாவா இருக்கும்னு டாக்டருக்குச் சந்தேகம் வந்தாலே அந்த நாடு கணக்குல சேத்துட்டு. அதே நேரத்துல இங்கிலாந்து தினசரிச் சாவுக் கணக்குல 2020 ஏப்ரல் கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரியில செத்தவங்களைத்தான் சொல்லிக்கிட்டு இருந்துது. உன் தரவரிசையில ஒழுங்கா எழுதுனவன் மொதல் ஆளா நின்னு அவமானப்பட்டான். அதே இங்கிலாந்து பெறகு எதிர்ப்பக்கம் சாய்ஞ்சுது. ஒருதடவை பாசிட்டிவ் ஆனவன் எப்பச் செத்தாலும், எதுல செத்தாலும் கொரோனான்னு எழுதுனாவ. ஆகஸ்ட் 12-ல விதியை 28 நாளைக்குள்ளன்னு மாத்துனாவ, ஒரே நாள்ல 5,377 சாவு கணக்குல இருந்து கழிஞ்சுபோச்சு. செத்தவன் ஒருத்தனும் எந்திரிச்சு வரலை.

திருத்துனவங்க பட்டியல் இன்னும் இருக்கு. வூஹான் 2020 ஏப்ரல்ல 1,290 சாவைக் கூட்டி 3,869 ஆக்குச்சு. நம்ம சென்னையில 2020 ஜூலை 22-ம் தேதி, விட்டுப்போன 444 சாவைக் கணக்குல சேத்தாவ. பீகார்ல 2021 ஜூன் 9-ல ஒரே நாள்ல 3,951. பெரு நாடு இருக்கே, அது 2021 மே 31-ல 69,342-ன்னு இருந்த சாவுக் கணக்கை 1,80,764-ன்னு திருத்தி, ஒலகத்துலயே ஜனத்தொகைக்கு அதிகச் சாவு விழுந்த நாடா ஆயிட்டுது.

ஒவ்வொரு தடவை திருத்துனப்பவும் உங்க அண்ணன் குதிச்சானே, 'பாத்தியா, இத்தன நாளும் பொய் சொல்லியிருக்கான்'னு? கோர்ட்டு போட்ட போட்டுல திருத்துனவனும் உண்டு, பத்திரிகைக்காரன் சுடுகாட்டு வாசல்ல போயி நின்னு எண்ணுனதால திருத்துனவனும் உண்டு. எப்படித் திருத்துனாலும் திருத்துன ஏட்டைத்தான் நான் நம்புவேன். அங்க யாரோ ஒருத்தன் ரெண்டாவது தடவை எண்ணிப் பாத்திருக்கான். வருசம் பூரா அடித்தல் திருத்தல் இல்லாம வெள்ளையா ஒரு ஏடு வந்தா, அதைக் கண்டுதான் மாமன் பயப்படுவேன். நான் பாத்த தலையாரி உத்தியோகத்துல அவ்வளவு சுத்தமான ஏடு எழுதுனவன் வீட்டுக்குள்ளயே உக்காந்து எழுதுனவன்தான்.

இப்பச் சூட்சுமத்துக்கு வாரேன், காதைக் குடு. காரணம் எழுதுறதுல இத்தன கூத்து நடக்குதுல்லா, அந்தக் கட்டத்தையே பாக்காத. மொத்தம் எத்தன பேரு செத்தாவன்னு பாரு. வழக்கமா எத்தன பேரு சாவாவன்னு பாரு. பெருசுல இருந்து சிறுசைக் கழி. மிஞ்சுறது அந்த வருசத்துப் பேயோட பங்கு. இதைக் கம்ப்யூட்டர்காரன் கண்டுபிடிக்கலை. லண்டன்ல ஜான் கிராண்ட்னு ஒரு சில்லறைத் துணிமணி வியாபாரி, 1662-ல ஒரு புத்தகம் போட்டாரு. அந்த ஊர்ல வாராவாரம் சாவுப் பட்டியல் அச்சடிப்பாவ. பொணத்தைப் பாத்து இன்ன நோய்னு சொல்றதுக்குக் கிழவிங்களை வச்சிருந்தாவ. கிழவிக்கு ஒரு கோப்பை மதுவும் கொஞ்சம் துட்டும் குடுத்தா நோயோட பேரு மாறிரும்னு கிராண்டுக்குத் தெரியும். ஏன்னா பிளேக்குன்னு எழுதுனா வீட்டைப் பூட்டிருவாவ.

அவரு 1625-ம் வருசப் பட்டியலை எடுத்தாரு. பிளேக் சாவு 35 ஆயிரத்துச் சொச்சம்னு இருந்துது. பிளேக் இல்லாத மத்தச் சாவு வழக்கமா வருசத்துக்கு ஏழெட்டாயிரம். அந்த வருசம் மட்டும் அது 18 ஆயிரத்துக்கு மேல. 'மத்த நோயெல்லாம் அந்த ஒரு வருசம் மட்டும் ஏன் இப்படிக் கொழுத்துது?'ன்னு கேட்டாரு. பிளேக் சாவு எழுதுனதைவிடக் காவாசி கூடன்னு தீர்ப்புச் சொன்னாரு. நானூறு வருசத்துக்கு முந்தின கோப்பை மதுவை ஒரு துணிக்கடைக்காரரு கழித்தல் போட்டே கண்டுபிடிச்சாரு. நீ என்ஜினியரிங் படிச்சுட்டுத் தினமும் செவப்புப் பொட்டை எண்ணிக்கிட்டு இருந்த.

அதே கழித்தலை உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாசம் போட்டுது. 2020, 2021 ரெண்டு வருசத்துல நாடுகள் சொன்ன கொரோனாச் சாவு 54 லட்சம். கழிச்சுப் பாத்தா மிஞ்சுன சாவு ஒரு கோடியே 49 லட்சம். நம்ம நாட்டுக்கு மட்டும் 47 லட்சம்னு மதிப்புப் போட்டாவ. டில்லி சொன்ன கணக்கு 4 லட்சத்து 81 ஆயிரம். டில்லி ஒத்துக்கிடலை, கணக்குப் போட்ட முறையே தப்புன்னு சொல்லிட்டுது. இருக்கட்டும். டில்லியே 2025 மே மாசம் வெளியிட்ட பதிவேட்டை எடுத்துப் பாரு. 2019-ல நாட்டுல பதிவான சாவு 76 லட்சத்துச் சொச்சம், 2020-ல 81 லட்சத்துச் சொச்சம், 2021-ல ஒரு கோடியே 2 லட்சம். வருசாவருசம் பதியிற பழக்கமும் கூடிக்கிட்டு வருது, அதுக்கும் ஒரு பங்கு கழிக்கணும். கழிச்சுட்டு நீயே கூட்டிக்கோ. ரஷ்யாவுல இதே மாதிரிதான். தினசரிக் கணக்குல 55 ஆயிரம் சாவுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாவ. 2020 டிசம்பர் கடைசியில துணைப் பிரதமரே, அந்த வருசம் கூடுதலா விழுந்த சாவுல நூத்துக்கு 81-க்கு மேல கொரோனாவாலதான்னு சொன்னாவ. அது ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல வந்துது.

ஜப்பானைப் பாரு. கெழடுகட்டைங்க நெறைஞ்ச நாடு. 2020-ல அங்க மொத்தச் சாவு முந்தின வருசத்தைவிடக் கொறைஞ்சுபோச்சு. வாயை மூடி, கையைக் கழுவி, வீட்டுக்குள்ள இருந்ததுல மத்தக் காய்ச்சலும் சேந்து அடங்கிட்டு. அந்தச் சேதி கேஸு கோட்டுல கெடைக்காது, கழித்தல்லதான் கெடைக்கும். சுவீடனை வச்சு ஒலகமே ரெண்டு கட்சியாச் சண்டை போட்டுதுல்லா? 2020-ல பக்கத்து வீடு நார்வே, பின்லாந்தைவிடச் சாவு ரொம்பக் கூடுதல், அதனால ஊரடங்குக் கட்சி செயிச்சுது. மூணு வருசத்தைச் சேத்துக் கழிச்சா ஐரோப்பாவுலயே கொறைஞ்ச வரிசையில வந்து நின்னுது, அதனால எதிர்க்கட்சியும் செயிச்சுது. எந்த வருசத்துல நிறுத்துத, யாரு பக்கத்துல நிறுத்துத, அதுல இருக்கு சூது. இத்தாலியில பாதிச் சனம் நாப்பத்தஞ்சு வயசைத் தாண்டுனது. ஆப்பிரிக்காவுல பல நாட்டுல பாதிச் சனம் இருபதைத் தாண்டாதது. கெழவனைத் தேடித் தின்ன நோய்க்கு இந்த ரெண்டையும் ஒரே தராசுல வச்சா தராசுதான் சிரிக்கும்.

கழித்தல்லயும் கோளாறு உண்டு, மறைக்க மாட்டேன். 'வழக்கமா எத்தன'ங்கிறதே ஒரு அனுமானம்தான். உலக சுகாதார நிறுவனம் ஜெர்மனிக்குப் போட்ட கணக்குல அந்த அனுமானம் தப்பிப்போயி, பெறகு எண்ணிக்கையைக் கொறைச்சாவ. அவங்களும் திருத்துனாவ. மாமன் மனசுல அதுக்கும் ஒரு மார்க்கு உண்டு.

கடைசியா, நம்புறவனும் நம்பாதவனும் சேந்து செய்யிற ஒரு பாவத்தைச் சொல்லிருதேன். உண்மை சொன்னவனைத்தான் ஊரு அடிக்கும். 1918-ல உலகத்தையே தின்ன காய்ச்சலுக்கு ஸ்பானிஷ் காய்ச்சல்னு பேரு வந்துது. அங்க பொறந்ததால இல்ல. சண்டை போட்ட நாடெல்லாம் பத்திரிகை வாயைக் கட்டி வச்சிருந்துது. ஸ்பெயின் சண்டையில சேரலை, அங்க பத்திரிகை எழுதுச்சு, ராசா அல்போன்சோ படுத்ததைக்கூட எழுதுச்சு. எழுதுன குத்தத்துக்கு நூறு வருசமாப் பேரைச் சொமக்குது. 2021 நவம்பர் 24-ல தென் ஆப்பிரிக்கா, புதுசா ஒரு உருமாறுன கிருமி வந்திருக்குன்னு மொத ஆளாச் சொல்லுச்சு. பேரு பெறகு ஒமிக்ரான்னு ஆச்சு. ரெண்டு மூணு நாளைக்குள்ள பணக்கார நாடெல்லாம் அந்த நாட்டு விமானத்தை நிறுத்திட்டாவ. நெதர்லாந்துல 19-ம் தேதி எடுத்த சாம்பிள்லயே அது இருந்துதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. ஒழுங்கா எண்ணுனவனுக்கு அபராதம், எண்ணாதவனுக்குப் பாராட்டுன்னா, அடுத்த தடவை எவன்டா எண்ணுவான்?

அதனால மருமவனே, அடுத்த நோய் வரும்போது, வராமலா போகும், போன்ல கோடு வந்த ஒடனே நாலு கேள்வி கேளு. எத்தன குச்சி விட்டான்? யாரையெல்லாம் கணக்குல சேக்காம விட்டான்? இது செத்த நாள் கணக்கா, சேதி வந்த நாள் கணக்கா? போன வருசம் இதே மாசம் மொத்தம் எத்தன பேரு செத்தாவ? நாலுக்கும் பதில் இல்லேன்னா அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் பார்வர்ட் பண்ணாத. உங்க அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: 'எல்லாம் பொய்யின்னா, பொய்யின்னு உனக்கு எந்தக் கணக்கு சொல்லுச்சு?'

அப்புறம் டில்லிக்காரன் கணக்கை எக்காளம் பண்ணுறதுக்கு முந்தி வீட்டுக் கணக்கை முடி. இந்த நாட்டுல 2020-ல பதிவான சாவுல, காரணத்தை டாக்டர் எழுதிக் குடுத்தது நூத்துக்கு 22 சொச்சம்தான். மிச்சமெல்லாம் 'வயசாயிட்டுல்லா' கேஸு. நம்ம ஏடு ஓட்டையா இருந்தா கிராண்டே எந்திரிச்சு வந்தாலும் கழிச்சுப் பாக்க ஒண்ணும் இருக்காது. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்லுவோம், செத்தவங்களை மட்டும் எண்ணாம விட்டுருவோம். துஷ்டி விழுந்த வீட்டுல காரியம் முடிஞ்சதும் ஒரு ஆளை வி.ஏ.ஓ. ஆபீசுக்கு அனுப்பு. ஆஸ்பத்திரியில செத்திருந்தா டாக்டர்கிட்ட காரணத்தை எழுதி வாங்கு. 21 நாளைக்குள்ள பதிஞ்சா ஒரு பைசா கட்டணம் கிடையாது.